ஆடிக்காற்றில் எந்தத் தவளை

நிலையூர்க் கண்மாயில் ஆறேகால் மணி.
குத்தகைக்காரருக்கு நூறு ரூபாய் கொடுத்தாயிற்று.
கம்பில் நரம்பைக் கோத்து முடிக்குமுன்
மடைக்கல்லில் வைத்த டீக் கப்பைக்
காற்று கொண்டுபோய்விட்டது.

கோடைமழை ஏமாற்றாத வருஷம்.
ஆடியிலும் தண்ணீர் கிடக்கிறது.
கிடக்கிறது என்று சொல்வது தப்பு.
கரைக்குக் கரை குதித்துக்கொண்டிருக்கிறது.
பரங்குன்றத்துப் பாறை அதில் விழுந்து
ஒரு இடத்திலும் முழுசாக இல்லை.

பெட்டியைத் திறந்ததும் பழக்கத்தில் கைக்கு வருவது
சின்னப் பச்சை ரப்பர் தவளை.
மாடக்குளத்தில் ஒரு மார்கழி விடியலில்
கண்ணாடித் தண்ணீரில் மூன்று விரால் தந்தது.
எறிந்தேன்.
அலைக்குள் அது இருக்கிறதா என்று
எறிந்த எனக்கே தெரியவில்லை.
மாட்டுத்தாவணியில், பஸ் கிளம்புகிற நேரத்தில்
காதோடு ரகசியம் சொன்ன மாதிரி.

அடுத்து வாய் குழிந்த பாப்பர்.
சுண்டி இழுத்தால் ‘ப்ளக்’ என்று துப்பும்.
இன்றைக்குக் கண்மாய் முழுக்க அதே சத்தம்,
ஒவ்வொரு அலையும் ஒரு பாப்பர்.
பென்சிலோ
அலையின் முதுகேறி மல்லாந்து விழுகிறது.

“மஞ்சளப் போடுங்கண்ணே, மஞ்சள!”
எதிர்க்கரையிலிருந்து இன்னாசி.
ஜெய்ஹிந்த்புரத்தில் லேத் பட்டறை.
வெயிலோ மழையோ அவனுக்கு மஞ்சள்தான்.

முதுகில் வரைந்த புள்ளிகள், பொன்கோடு,
மிளகாய்ச் சிவப்பில் இரண்டு கண்,
எல்லாம் கடைக்காரன் என்னைப் பிடிக்கப் போட்ட தூண்டில்.
விரால் பார்ப்பது வயிற்றை மட்டும்.
கீழிருந்து,
வெளுத்த வானத்துக்கு எதிரே,
உடைந்து உடைந்து சேர்கிற வெளிச்சத்தில்.
அப்படியானால் கறுப்பு.
கறுப்பில் பெருசு.
பெருசில், வாலில் தகடு சுழல்கிற இது.
தகடு, இன்னாசியே
எண்ணெய் டின்னில் வெட்டித் தட்டிக் கொடுத்தது.
கடகடவென்று பழைய ஃபேன் மாதிரி வரும்.
நிறுத்தக்கூடாது, வேகம் மாற்றக்கூடாது.
கலங்கிய இடத்தில் நம்மைத் தேடி வருகிற ஒன்றுக்கு
நாம் எங்கே போகிறோம் என்றாவது தெரிய வேண்டும்.

காட்டாமணக்குப் புதரின் மறைவை ஒட்டி
மூன்றாவது வீச்சு.
தண்ணீர் உடைந்தது.
ஒன்று,
இரண்டு,
எண்ணிவிட்டுத்தான் வெட்டினேன். ஏறிவிட்டது.

இரண்டரைக் கிலோ இருக்கும்.
கிலோ அறுநூறு.
ஈரச் சாக்கில் வைத்துக் கொக்கியை நெகிழ்த்தும்போது
வயிறு ஒட்டிப்போயிருந்ததைப் பார்த்தேன்.
அப்புறம்தான் அதையும் பார்த்தேன்.
புதருக்குள், காற்று நுழையாத ஒரு முழத் தண்ணீரில்
உலை கொதிக்கிற மாதிரி
சிவப்பாய்ப் பொடிக்குஞ்சுகள்,
மேலே வந்து வந்து மூச்சு வாங்கின.
அமைதியான நாளாக இருந்தால்
ஐம்பது அடியிலேயே தெரிந்திருக்கும்.
வீசியிருக்க மாட்டேன்.
அவ்வளவு யோசித்து நான் எடுத்த சத்தம்
அதன் காதில் சாப்பாடாக விழவே இல்லை.

அப்பனோ ஆத்தாளோ,
விராலில் வெளியே தெரியாது.
முழங்கால் தண்ணீரில் இறங்கி
வாலைப் பிடித்திருந்தேன்.
உதறியதில் முகமெல்லாம் சேறு.
சிவப்பு வட்டம் ஒருமுறை கலைந்தது.
திரும்பக் கூடியதா என்று
அலையில் தெரியவில்லை.

“என்னாச்சுண்ணே?”
“தப்பிருச்சுடா.”
“நான்தான் சொன்னேன்ல,
மஞ்சளப் போட்டிருந்தா தப்பாது.”
ஆமாம் என்றேன்.
கட்டைவிரலில் கொக்கி கீறிய இடம்
அப்போதுதான் எரியத் தொடங்கியது.